எட்டாவது உள்ளூர்க்காரர்

பந்து எங்கே போனாலும் ஓரெஸ்ட் பிலிப்சக்கின் கண் முழங்கால்களில்தான் இருக்கும். எல்லா முழங்கால்களிலும் அல்ல. கனடாக்காரர்களின் முழங்கால்களில் மட்டும். அமெரிக்கன் ஒருவன் விழுந்து புரண்டால், சூரியகாந்தி விதையை மென்று தோலைத் துப்பிக்கொண்டிருப்பார். மானிட்டோபாக்காரன் லேசாக நொண்டினால் போதும், மெல்லுவது நின்றுவிடும்.

எங்கள் சஸ்கட்டூன் அணியில் அவர் மாற்றுத் தடுப்பாளர். பந்தைக் கையில் பிடித்து ஓடும் இந்தக் கனடா நாட்டுக் கால்பந்தில் தடுப்பாளனுக்குப் பந்தோடு உறவே கிடையாது. பந்து வைத்திருப்பவன் மேல் பாய வருகிறவர்களை நெஞ்சோடு மோதி நிறுத்துவதே வேலை. அதில் ஓரெஸ்ட் சுமார்தான். வயது முப்பத்து நான்கு. இடுப்பு அதற்கும் மூத்தது. ஆனால் முதலில் இறங்குபவர்களில் ஏழு பேராவது உள்நாட்டவராக இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏழில் ஒருவன் விழுந்தால் கணக்கை நிரப்ப எட்டாவது ஆள் தேவை. பிறந்த ஊர் யாருடைய சாதனையும் அல்ல. ஓரெஸ்டுக்கு அது பத்து வருட உத்தியோகம்.

அவருக்கு அதில் கூச்சமில்லை. "எங்கம்மா என்னை இங்க யார்க்டன்ல பெத்தாங்க. அலபாமால பெத்திருந்தா இந்நேரம் டிராக்டர் டயர் வித்துக்கிட்டிருப்பேன்" என்பார். குளிர்காலத்தில் அவர் விற்பதும் டிராக்டர் டயர்தான்.

அமெரிக்காவின் அலபாமாவில் பிறந்த குவின்டன்தான் ஓரெஸ்டின் தடுப்பாளர் இடத்தில் முதலில் இறங்கி ஆடுபவன். அவனைத் தாண்டி எவனும் எளிதில் போனதில்லை. இந்த ஊரில் அவனுக்கு வண்டி கிடையாது. தினமும் ஓரெஸ்ட்தான் ஏற்றி வருவார். சென்ற அக்டோபரில், பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு, பெரிய பணம் புரளும் அமெரிக்கப் போட்டிகளிலிருந்து ஆள் எடுக்கும் இருவர் அவன் ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார்கள். மறுபடி வரமாட்டார்கள்.

"என்ன பாஸ்போர்ட்டு, இன்னிக்கு எவன் முட்டி மேல கண்ணு?" என்று அன்று குவின்டன் ஓரெஸ்டைச் சீண்டினான்.

"இன்னிக்கு எவனும் விழக் கூடாதுடா தம்பி. சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்திருக்கேன்."

"நீ ஏத்துனியா? போச்சு!"

ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் லூக் தீபோ விழுந்தான். பந்தைப் பிடிப்பவன், கியூபெக்காரன். அந்த இடத்துக்கு வேறு கனடாக்காரன் இல்லாததால் அமெரிக்கன் ஒருவன் இறங்கினான். உள்ளூர்க் கணக்கு ஆறாகிவிட்டது. அதை ஏழாக்க, வேறெங்காவது ஓர் அமெரிக்கன் வெளியேறி ஒரு கனடாக்காரன் நுழைய வேண்டும். அதற்கென்று வைத்திருந்த கனடாக்காரர் ஒருவர்தான். அவருக்கு ஆடத் தெரிந்த இடமும் ஒன்றுதான்.

"பிலிப்சக், உள்ள போ! குவின்டன், வெளிய வா!" என்று கத்தினார் பயிற்சியாளர்.

"எனக்கென்ன சார் ஆச்சு? நல்லாத்தானே இருக்கேன்!"

"நல்லாத்தான் இருக்க. பொறந்த எடம்தான் சரியில்ல."

ஏழு மறுபடி ஏழாயிற்று. நாட்டுக்கு நீதி கிடைத்துவிட்டது. மேலே கண்ணாடி அறையில், வந்திருந்த இருவரில் ஒருவர் எழுந்து தன் தொப்பியைத் தேடினார். குவின்டன் அதைப் பார்த்துவிட்டான். ஓரெஸ்டும் பார்த்தார்.

குளிர்காற்று வயல்வெளிப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. வேர்வையோடு நின்ற குவின்டனுக்கு உடம்பு நடுங்கத் தொடங்கியது. உட்கார்ந்திருப்பவர்களுக்கென்று அணி கொடுக்கும் நீளக் கோட்டை ஓரெஸ்ட் கழற்றி, அவன் தோளில் போட்டார். ஆட்டத்துக்காக விரல்களிலெல்லாம் நாடா சுற்றியிருந்ததால் அவனால் ஜிப்பைப் பிடிக்க முடியவில்லை.

"யோவ் பிலிப்சக்! எவ்வளவு நேரம்யா?" என்று பயிற்சியாளர் கத்தினார்.

ஓரெஸ்ட் திரும்பவில்லை. குனிந்து, ஜிப்பின் இரு முனைகளையும் பொருத்தி, கழுத்துவரை நிதானமாக இழுத்துவிட்டார்.