கை நீட்டினால் கேட்டுக்கு வெளியே

புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கொளஞ்சி நீட்டி முழக்க மாட்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் பழகப் பழக வந்துவிடும் என்பாள். "ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். யாரு மேலயாவது கை நீட்டினா அன்னைக்கே கேட்டுக்கு வெளியே. அவங்க கடிச்சாலும் சரி, காறித் துப்பினாலும் சரி." அந்த இல்லத்தில் அவள் போட்ட சட்டம் அது ஒன்றுதான்.

முதலியார்பேட்டைப் பக்கம், மூடிப்போன பஞ்சு மில்லிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அந்த முதியோர் இல்லம். நாற்பத்திரண்டு கட்டில்கள். பாதிப்பேர் அந்த மில்லில் வேலை பார்த்தவர்கள். கொளஞ்சி பதினொரு வருஷமாக வார்டன். முதியோர் இல்லம் என்றால் பஜனையும் பல்லாங்குழியும் என்று நினைக்கிற புண்ணியவான்கள் ஒரு காலைப்பொழுது வந்து இருந்து பார்க்கட்டும். புத்தி தடுமாறிய கிழவருக்கு, குளிப்பாட்ட வருகிறவன் கொலை செய்ய வருகிறவன். சொம்பு பறக்கும், நகம் கிழிக்கும், வாயில் இருக்கிற நாலு பல்லும் வேலை செய்யும். கொளஞ்சியின் முன்கைகளில் பல் பட்ட தழும்பில்லாத இடம் கொஞ்சம்தான்.

அவளுக்கு அடி புதிதல்ல. தட்டாஞ்சாவடியில் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த வெற்றிவேலைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருஷம் அடி வாங்கினாள். குழம்பில் உப்பு குறைந்தால் அடி, கூடினால் அடி. அவன் கை ஓங்கினதும் இரண்டு முழங்கையையும் சேர்த்து முகத்தை மூடிக்கொள்ள அவள் உடம்பு தானாகவே கற்றுக்கொண்டது. ஒரு நாள் அம்மிக் குழவியை எடுத்தாள். அவன் மணிக்கட்டு உடைந்தது. கீழே விழுந்து கதறினான். அதற்கப்புறமும் இரண்டு அடி போட்டாள்.

முதல் அடி தப்பிப்பதற்காக. மற்ற இரண்டும், அடிக்க நன்றாக இருந்ததால். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வெற்றிவேல் அன்றைக்கே வீட்டை விட்டுப் போனவன், திரும்பவில்லை. ஊரே அவளை வீரி என்றது. அவளோ தன் வலது கையைப் பார்த்துப் பயந்துபோய் இருந்தாள். அந்தச் சட்டம் கருணையில் பிறந்ததென்று எல்லாரும் நினைத்தார்கள். அது அந்தப் பயத்தில் பிறந்தது.

சித்திரையில் மாலாவை வேலையை விட்டு அனுப்பினாள். நல்ல வேலைக்காரி. பாக்கியலட்சுமி என்கிற கிழவி அவள் கட்டைவிரலை ரத்தம் வரக் கடித்துக்கொண்டு விடாமல் இருந்தபோது, வலி தாங்காமல் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டாள். "தெரியாம பட்டுடுச்சுக்கா, மன்னிச்சுடுக்கா" என்று காலில் விழுந்தாள். கொளஞ்சி கேட்டைத் திறந்து நின்றாள். விரலில் சுற்றிய துணியோடு மாலா அழுதுகொண்டே போனாள்.

இப்படிப்பட்ட கொளஞ்சிதான் போன மாதம் இல்லத்தில், மில்லில் ஷிப்டுக்கு ஊதுவது மாதிரி, சங்கு வைத்தாள். பாதிப்பேருக்குக் காது மந்தம். சாப்பாட்டு மணி அடித்தால் கேட்பதில்லை, ஒவ்வொருவரையும் போய் இழுத்து வரவேண்டியிருந்தது. மேட்டுப்பாளையத்தில் மூடிய கம்பெனி ஒன்றிலிருந்து பழைய சங்கை யாரோ நன்கொடையாகக் கொடுக்க, மொட்டைமாடியில் மாட்டினாள். மில் ஆட்கள் நிறைந்த வீட்டில் மில் சங்கை ஊதினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. அவள் வில்லியனூர்ப் பக்கம் நெல் வயலில் வளர்ந்தவள். சங்கு ஊதி அவள் ஒரு நாளும் எழுந்ததில்லை.

முதல் நாள் பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. படுத்துக் கிடந்த கிழவர்கள் எழுந்தார்கள். இரண்டு பேர் இல்லாத தூக்குவாளியைக் கட்டிலுக்கடியில் தேடினார்கள். யாரும் சொல்லாமலே வரிசை நின்றது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் காத்தவராயன் போய் விறைப்பாக நின்றார். எண்பத்திரண்டு வயது, வந்து ஆறு மாதமாக வாய் திறக்காத மனுஷர். வரிசையில் வந்த ஆண்கள் ஒவ்வொருவராக இரண்டு கையையும் தூக்க, அவர் அக்குளிலும் இடுப்பிலும் தட்டிப் பார்த்து உள்ளே விட்டார். கொளஞ்சிக்குச் சிரிப்பு வந்தது. கிழவர்கள் ஏதோ விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். அன்றைக்குப் பெண்களுக்கு அறையிலேயே சாப்பாடு போயிருந்தது.

மறுநாள் பெண்களும் வரிசையில் வந்தார்கள். முன்னால் வந்தவள் அஞ்சலாட்சி. காத்தவராயனின் கை அவள் இடுப்புக் கொசுவத்தில் பட்டதும் அவள் கத்தவில்லை. கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரால் அவர் நெற்றியில் ஓங்கி இடித்தாள். தோல் பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கியது. அவர் அவள் முடியைப் பிடித்தார். அவள் மறுபடி இடித்தாள். பின்னால் நின்ற கோவிந்தசாமி கைத்தடியால் காத்தவராயனின் முதுகில் போட்டார். இன்னொருவர் காலால் உதைத்தார். இருமக்கூடத் தெம்பில்லாதவர்கள் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு ஒரு கிழவரை அடித்தார்கள். ரசப் பாத்திரம் கவிழ்ந்தது. அஞ்சலாட்சி வழுக்கிக் கீழே விழுந்தாள். அவள் புடவையை விடாமல் பிடித்தபடி காத்தவராயன் அவள்மேல் குனிந்து மடியைத் துழாவினார்.

கொளஞ்சி ஓடி வந்தபோது கண்ணில் பட்டது அது மட்டும்தான்: கீழே கிடக்கிற பொம்பளையின் மடியில் ஓர் ஆம்பளையின் கை.

அடித்தாள். முதல் அறையில் அவர் சுவரில் மோதினார். அவர் கை அஞ்சலாட்சியின் புடவையை விட்டுவிட்டது. அதற்கப்புறமும் இரண்டு அறை.

கூடம் அடங்கிப் போனது. காத்தவராயனின் வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் ஒழுகின. ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் பேசினார். "டூட்டில இருக்கேன் சார். டூட்டில இருக்கிற ஆள அடிக்கலாமா சார்?"

கீழே கிடந்த அஞ்சலாட்சி சிரித்தாள். "மில்லு கேட்டு வாச்சுமேன்மா இவன். ஷிப்டு முடிஞ்சு சங்கு ஊதினா, நூலு கீலு திருடிக்கினு போறோமான்னு தடவிப் பாக்குறவன். பொம்பளைங்கள சோதிக்க ஒரு பொம்பள இருப்பா. ஒரு நா அவ லீவு. என் மடியில ஒரு புடி கழிவுப் பஞ்சு இருந்துச்சு, வெளக்குத் திரிக்கு. அத்தன பேரு முன்னாடி உருவி எடுத்து, தடியாலயே அடிச்சான். முப்பத்தஞ்சு வருசமாச்சு. நீ போட்ட பாரு மூணு, அத நான் போட்டிருக்கணும். கை நல்லாருக்கட்டும் தாயி."

கொளஞ்சியின் உள்ளங்கை எரிந்தது. மில் கேட்டு வாசலில் அவர் செய்த அட்டூழியத்துக்கு அந்த அறை தகும் என்று யாராவது வாதாடலாம். ஆனால் அவள் அடித்தது அந்த வாச்சுமேனை அல்ல. எதிரே நின்றது, சங்கு ஊதியதால் வேலைக்கு வந்து நின்ற ஒரு நோயாளி. சங்கை மாட்டியதும் அவள்தான். அதையெல்லாம்விட அவளைக் கலக்கியது அந்தக் கணக்கு. அன்றைக்கு வெற்றிவேலுக்கும் முதல் அடிக்கப்புறம் இரண்டு. இன்றைக்கும் இரண்டு.

டாக்டர் வந்து காத்தவராயனின் நெற்றியில் நாலு தையல் போட்டார். அஞ்சலாட்சிக்கு இடுப்பில் சிராய்ப்பு. உதவியாளர் பூர்ணிமா சம்பவப் பதிவேட்டைக் கொண்டுவந்தாள்.

"ரசத்துல வழுக்கி விழுந்தாருன்னு எழுதிடலாம்க்கா. நாங்க யாரும் ஒண்ணும் பாக்கல."

கொளஞ்சி தன் கையாலேயே எழுதினாள். வார்டன் கொளஞ்சி, காத்தவராயனை மூன்று முறை அறைந்தாள். கடைசி இரண்டுக்கும் அவசியம் இருக்கவில்லை.

சாயங்காலம் நிர்வாக அதிகாரி சக்கரபாணி வந்து படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது, உனக்கு நீயே ஆப்பு வெச்சிக்கிற? பக்கத்தக் கிழிச்சுப் போடு. உன்ன வுட்டா இந்தக் கூட்டத்த யாரு மேய்க்கிறது? பதினொரு வருசத்துல ஒரு தபா கை தவறிடுச்சு, அவ்வளவுதான?"

"மாலாவுக்கும் ஒரு தபாதான் சார்."

"அவளும் நீயும் ஒண்ணா?"

"அவ ஒண்ணு வெச்சா. நான் மூணு வெச்சேன்."

அவர் பதிவேட்டை மூடி வைத்தார். இன்னும் ஒரு தடவை வற்புறுத்தியிருந்தால் அவள் தங்கியிருப்பாள். அந்த இல்லத்தை விட்டால் அவளுக்கு வீடென்று ஒன்று இல்லை. மாடியறையில்தான் பதினொரு வருஷம் படுத்தாள். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும், அன்றைக்குக் கூடத்தில் கிழவர்கள் அவளைப் பார்த்த பார்வையை அவள் கவனித்திருந்தாள். முதல் தடவையாக, சொன்னதும் எழுந்தார்கள், சொன்னதும் உட்கார்ந்தார்கள். குளிக்க மாட்டேன் என்று ஒருவர்கூட முரண்டு பிடிக்கவில்லை. அடி வேலை செய்தது. இங்கேயே இருந்தால் தன் கை அந்த ருசியை மறக்காது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஆள் வைத்துச் சங்கைக் கழற்றினாள். மாலாவுக்குப் போன் போட்டு, "நாளைக்கு வந்து சேரு" என்றாள். காரணம் சொல்லவில்லை. சாவிக்கொத்தைப் பூர்ணிமாவிடம் கொடுத்துவிட்டு, துணிப்பையோடு படியிறங்கினாள். அஞ்சலாட்சி ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாள், "யம்மா, எங்கம்மா போற?" அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கேட்டுக்குப் பக்கத்துச் சிமெண்டு பெஞ்சில் காத்தவராயன் உட்கார்ந்திருந்தார். தலையில் கட்டு, உதடு வீங்கித் தொங்கியது. வெளியே போகிறவர்களைச் சோதித்து அனுப்புவதுதான் அவர் பார்த்த வேலை. போகிற நேரத்தில் அவர் டூட்டியையாவது மதித்துவிட்டுப் போகலாமென்று கொளஞ்சிக்குத் தோன்றியது. பையைக் கீழே வைத்தாள். அவர் எதிரில் நின்று, வரிசையில் நின்ற ஆண்கள் செய்தது மாதிரியே, இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

காத்தவராயன் நிமிர்ந்து தூக்கிய கைகளைப் பார்த்தார். சட்டென்று இரண்டு முழங்கையையும் சேர்த்து முகத்தை மூடிக்கொண்டார்.

கொளஞ்சி கையை இறக்கினாள். பையை எடுத்துக்கொண்டு, கேட்டைத் தானே திறந்து வெளியே போனாள்.