இரண்டாம் நாளும் ஏழாவது கேள்வியும்: அவுமூலேயில் ஒரு பயிற்சி

ஜேர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். சைக்கடெலிக் மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சையில், நோயாளிக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக இருந்து துணை செய்யும் ஆட்களுக்கு ஒரு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, இருக்கிறது. எங்கள் பிரிவில் இருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். சும்மா சொல்லக்கூடாது, அதற்கே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. போன ஒக்ரோபரில், வெள்ளி முதல் ஞாயிறு வரை.

கெல்சென்கிர்ச்சனில் காலை 8.10க்கு ரயில். ஹம்பேர்க் 350 கிலோமீற்றர், மூன்று மணி நேரம். முன்கூட்டி எடுத்தபடியால் 37.99 யூரோ. பிரதான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கட ஆட்களின் கடையில் இரண்டு ரோல்ஸ் வாங்கிக்கொண்டு எஸ்-பான் என்ற நகர ரயிலில் ஏறினால், 35 நிமிடத்தில் பயிற்சி நடக்கிற அவுமூலே. பிறகு காட்டுப் பாதையில் ஒன்றரைக் கிலோமீற்றர் நடை.

பயிற்சியில் மருந்து ஒன்றும் தரமாட்டார்கள், பயப்படாதேங்கோ. வெறும் மூச்சுப் பயிற்சிதான். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு படுப்பார், மற்றவர் பக்கத்தில் இருந்து பார்ப்பார். சனி காலை நான் படுக்கவேணும், கத்ரின் என்ற பெண் பார்க்கவேணும். முதலில் ஒரு படிவம். ‘இன்று உடம்பு எப்படி?’ என்று கேட்டிருந்தது. எனக்கு மாதவிடாய் இரண்டாம் நாள். ஆனால் கை தானாக ‘தலையிடி’ என்று எழுதியது. பள்ளிக்கூடத்தில் இருந்து கலியாணவீடு வரைக்கும் எங்களுக்கு அந்த நாட்களுக்கு இருக்கிற ஒரே வருத்தம் தலையிடிதானே!

கத்ரின் பாவம், யன்னலை மூடி, நெற்றியில் ஈரத்துணி வைத்தாள். எனக்கோ அடிவயிறு பிய்ந்தது. இரண்டு மணி நேரம் மல்லாக்கப் படுத்ததில் கண்ணீரே வந்துவிட்டது. பிறகு பதினாறு பேர் வட்டமாக இருந்து பேசினோம். கத்ரின் என்னைப் பற்றி எழுதின குறிப்பைப் பக்தியோடு வாசித்தாள்: “இவளுக்குள் கனகாலத் துக்கம் ஒன்று இருக்கிறது. இன்று அது வெளியே வந்தது.”

எல்லாரும் என்னை இரக்கமாகப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நாளைக்கு உண்மையாகவே மருந்து எடுத்த ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ, நானும் ‘துக்கம்’ என்று எழுதிக்கொண்டிருந்தால்? நினைக்கவே பதறியது.

“துக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை,” என்றேன் டொச்சில். “மாதவிடாய். எனக்கு ஒரு சுடுதண்ணிப் பை போதும். படிவத்தில் நான் பொய் எழுதினேன். ஆனால் நீங்களும் கேட்கவில்லை.”

ஏழு ஆண்கள் இருந்தார்கள். முகம் கொதித்தது. பயிற்சி நடத்திய ஊட்ட என்ற பெண்மணி மற்றவர்களிடம் கேட்டார்: “உங்களில் யார் நோயாளியிட்ட இதைக் கேட்கிறனீங்கள்?” ஒரு கையும் எழும்பவில்லை. தானும் கேட்டதில்லை என்று ஒத்துக்கொண்டு, பேனையை என்னிடம் நீட்டினார். “கேள்வியை நீயே எழுது.”

எழுதினேன்: ‘மாதவிடாய் வருகிறவராக இருந்தால், இன்று எத்தனையாம் நாள்? என்ன உதவி வேணும்?’ ஞாயிறு காலை புதுப் படிவத்தில் அதுதான் ஏழாவது கேள்வி. தாடிவைத்த ஒரு பெரிய மனிதர் தன் பயிற்சி இணைக்கு அதை வாசித்து, “ஐந்தாம் நாளா, சரி,” என்று சாதாரணமாகக் குறித்தார். நான் பெருமையோடு என் படிவத்தை இன்னொரு தரம் வாசித்தேன்.

போகிறவர்களுக்கு: தடித்த காலுறை கொண்டுபோங்கோ, நிலம் குளிர். ஞாயிறு நாலரைக்கு முடியும், ஆறு மணிக்கு முந்தின ரயில் எடுக்காதேங்கோ. அந்தத் தேதியில் மாதவிடாய் வந்தால் பயிற்சியைத் தள்ளிப்போடத் தேவையில்லை, சொல்லிவிட்டுப் படுங்கோ.

ரயிலில் இருந்து அம்மாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா முதலில் கேட்டா:

“ஆம்பிளையளும் இருந்தவையோ?”

“ஓம் அம்மா, ஏழு பேர்.”

பிறகு கேட்டா:

“குரல் நடுங்காமச் சொன்னனியோ?”