தூசி என்று கேட்டேன்

1. குழி ஓடாத நாள்

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலை. அங்கே வேலை பார்ப்பவர்கள் ஒரு நாளில் எவ்வளவு தூசியைச் சுவாசிக்கிறார்கள் என்று கணக்கிட்டுத் தர, எங்கள் பரிசோதனைக்கூடத்திலிருந்து நான் போனேன். அப்போதே எனக்கு இந்த வேலையில் பதினெட்டு வருடம் ஆகியிருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. புது ஆள் செய்த தவறு என்று யாரும் எனக்குச் சலுகை காட்டிவிடக் கூடாது, அதனால்தான் சொல்கிறேன்.

எங்கள் வேலையை வெளியாருக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம். பம்ப் என்று சொன்னால், டெல்டாக்காரர்கள் உடனே "எத்தனை எச்.பி. சார்?" என்பார்கள். எங்கள் பம்ப் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இடுப்பில் மாட்டி, அதிலிருந்து ஒரு குழாயைக் கழுத்துக்கருகே கொண்டுவந்து, முனையில் சின்ன ஃபில்டரைப் பொருத்துவோம். ஆள் சுவாசிக்கிற காற்றைத்தான் அதுவும் இழுக்கும். ஃபில்டரை முன்னும் பின்னும் எடை போட்டால் சேர்ந்த தூசி தெரிந்துவிடும். நாள் முழுக்க ஒருவருக்கு மாட்டிவிட முடியாதபோது, ஒவ்வோர் இடத்திலும் ஒரு ரீடிங் எடுப்போம். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்று கேட்டுப் பெருக்கிக் கூட்டி, எட்டு மணி நேரச் சராசரி போடுவோம். பாதி கருவி சொல்வது, பாதி ஆள் சொல்வது.

அன்று மழை. நெல் லாரி எதுவும் வரவில்லை. மூட்டை பிரித்து நெல் கொட்டும் குழி சுத்தமாகக் கூட்டிப்போட்டபடி சும்மா கிடந்தது. ஊறல் தொட்டியில் இருந்த நெல்லை வைத்து மற்ற பகுதிகள் ஓடின. நான் இன்னொரு நாள் வந்திருக்க வேண்டும். அறிக்கைக்குக் கெடு நெருங்கிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குழியில் வேலை பார்ப்பவர் வசந்தா. நாற்பது வயதிருக்கும். மூட்டைத் தையலைப் பிரிப்பது, நெல்லைக் குழிக்குள் தள்ளுவது, சாக்கை உதறி மடிப்பது அவர் வேலை. பேச்சுக்கு நடுவே இருமினார். கூட நின்ற மேனேஜர் சொன்னார்:

"இருமல் வருது, அரிசி மூட்டை தைக்கிற பக்கம் மாத்தி விடுங்கன்னு ஒரு வருசமா கேக்குறாங்க சார். உங்க ரிப்போர்ட்ல தூசி ஜாஸ்தின்னு வரட்டும், மறுநாளே மாத்திடுறேன்."

நான் படிவத்தை எடுத்தேன். "தூசியில எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"கூட்டும்போதுதாங்க தூசி. காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி."

"குழியில?"

"குழியில தூசி ஏதுங்க? பூராவும் நெல்லுதான்."

அவர் மேலும் ஏதோ சொல்ல வந்தார். நான் அதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அளக்காத குழிக்கு முற்றத்தில் எடுத்த ரீடிங்கையே போட்டேன். வசந்தாவின் சராசரி சட்டம் அனுமதித்த அளவுக்குள் வந்தது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2. சம்பா அறுவடை

அடுத்த வருடம் அதே ஆலையில் கொதிகலன் புகையை அளக்கப் போனேன். சம்பா அறுவடை நேரம். கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசைகட்டி நின்றன. குழிப் பக்கம் திரும்பினால் ஆள் முகம் தெரியவில்லை. மூட்டை விழ விழ மஞ்சளாக எழும்பிக்கொண்டே இருந்தது. அதற்குள் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு வசந்தா சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? அன்னைக்கு தூசியே இல்லைன்னு சொன்னீங்களே!"

துண்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இப்பவும் தூசி இல்லீங்களே சார். இது சுணை."

 நெல்லின் மேல்தோலில் இருக்கும் பொடி முள்தான் சுணை. உதிர்ந்து பறந்து உடம்பில் பட்டால் அரிக்கும், மூச்சில் போனால் நெஞ்சைப் பிடிக்கும். தரையில் கிடந்து துடைப்பத்துக்கு வருவது தூசி, நெல்லிலிருந்து பறப்பது சுணை. வயலில் வேலை பார்த்தவர் யாரும் இரண்டையும் ஒன்றாகச் சொல்ல மாட்டார்கள். கருவிக்கு இரண்டும் ஒன்றுதான், நுரையீரலுக்கும் ஒன்றுதான். என் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. 'டஸ்ட்' என்பதைத் தூசி என்று மாற்றிக் கேட்டவன் நான். நான் கேட்ட கேள்விக்கு அவர் உண்மையான பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்.

"உடம்பு எப்படிங்க இருக்கு?"

"ஒரு கொடம் தண்ணி தூக்குனா மூணு எடத்துல நின்னு நின்னு வர்றேன் சார். மேனேஜர் உங்க பேப்பரக் காட்டுனாரு. எல்லாம் அளவுக்குள்ளதான் இருக்காம். அப்ப வேலையினால வந்தது இல்ல, வயசாவுதுன்னு நெனச்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் போவல."

 கொதிகலன் வேலையை அப்படியே விட்டுவிட்டு வண்டியிலிருந்து பம்பை எடுத்துவந்து அவருக்கு மாட்டினேன். நாலு மணி நேரத்தில் வெள்ளை ஃபில்டர் மண் நிறத்துக்கு வந்திருந்தது. பரிசோதனைக்கூடத்தில் அதை மூன்று முறை எடை போட்டேன். தராசு தப்பாக இருந்துவிடாதா என்ற நப்பாசைதான். மூன்று முறையும் ஒரே எடை. அளவை எங்கேயோ தாண்டியிருந்தது.

3. ஒரு வரி

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் புது அறிக்கையைப் படித்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"பழைய ரிப்போர்ட் தப்புன்னு நாமளே எழுதிக் குடுத்தா, நாளைக்கு எந்த மில்லுக்காரன்யா நம்மளக் கூப்பிடுவான்? அறுவடை நேரம், ரீடிங் கூடியிருக்குன்னு எழுது. அதுவும் உண்மைதானே?"

உண்மைதான். அதுதான் சங்கடம். அப்படி எழுதினால் வசந்தா குழியில் கழித்த பழைய நாட்களெல்லாம் காகிதத்தில் 'அளவுக்குள்' என்றே நிற்கும். வேலையால் வந்த நோய் என்று அவர் எங்கேயும் போய்ச் சொல்ல முடியாது.

நான் எழுதியது இது: 'முந்தைய அறிக்கையில் குழி அளக்கப்படவில்லை. ஊகித்து எழுதப்பட்டது. ஊகம் தவறு.' முதலாளி என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. வெளி வேலைக்கும் அனுப்பவில்லை. ஆனால் அந்த வரியை அவர் அடிக்கவும் இல்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

குழிக்கு மேல் காற்றை இழுக்கும் கூண்டு வந்தது. வசந்தா தையல் பகுதிக்கு மாற்றப்பட்டார். தஞ்சாவூரில் டாக்டர் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, போன மூச்சு திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றாராம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஓடாத இடத்தை அளந்ததாக எழுதாதீர்கள். 'தூசி இருக்கா' என்று கேட்காதீர்கள். 'வேலை முடிஞ்சதும் எதக் கழுவிட்டு வீட்டுக்குள்ள போவீங்க?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள், மொழிபெயர்ப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தவறு என்னுடையது என்று வசந்தாவிடம் நேரில் சொல்லப் போனேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நீங்க எந்த ஊரு சார்?"

"கீழ்வேளூர் பக்கம்."

"வீட்டுல என்ன வேலை பாத்தாங்க?"

"அப்பா, அம்மா ரெண்டு பேரும் கூலிக்குக் கதிரறுக்கப் போனவங்கதான்."

அவர் மடியில் கிடந்த சாக்கைத் தள்ளி வைத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அப்ப உங்களுக்கு சுணை தெரியுமே சார்" என்றார்.