தலையாட்டிவிட்டுப் போனவர்

பேய் என்றால் ராத்திரியில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? இது சனிக்கிழமை மத்தியானம், அம்பத்தூர் எஸ்டேட்டில், பாதிப் பேர் பிரியாணிக்குப் போயிருந்த நேரத்தில் நடந்தது. நம்பாதவர்கள் கார்த்திகாவைக் கேளுங்கள். அந்த ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் கலக்குகிற பெண். அவள் இன்றுவரை அந்த சுவிட்ச் பக்கம் போவதில்லை.

நாகேந்திரன் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். பதினாறு வருஷ அனுபவம். அவர் வேலை செய்யும் பெயிண்ட் பூத், ஒரு கார் நுழையும் அளவுக்கு நாலு பக்கமும் அடைத்த தகர அறை. கூரை ஃபில்டர் வழியே சுத்தமான காற்று இறங்கி, பெயிண்ட் புகையைக் கீழே அமுக்கும். தரையோரத்து ஃபேன் அதை உறிஞ்சி வெளியே தள்ளும். அடித்து முடித்ததும் அதே அறை அடுப்பாகிவிடும்; எழுபது டிகிரியில் அரை மணி நேரம் காரைச் சுடுவார்கள். அதனால் ஒரு வழக்கம். பெயிண்டர் வெளியே வந்து தலையாட்ட வேண்டும். வெள்ளை உடுப்பும் முகமூடியும் மாட்டியிருப்பவர் பேச முடியாதே! அதன் பிறகுதான் கார்த்திகா சூட்டு சுவிட்சைப் போடுவாள்.

அறை புதிதல்ல. ஐயப்பன்தாங்கலில் மூடிப்போன ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து கழற்றி வந்து மாட்டியது. மாட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

2.10. முதல் கோட் பெயிண்ட், சிவப்பு. தரையில் விரித்த வெள்ளைக் காகிதமும் சிவந்துவிட்டது. பின் சக்கரத்தருகே மட்டும் இரண்டு வெள்ளைத் தடங்கள். ஐந்து விரலோடு... வெறுங்கால். பெயிண்ட் இறங்கும்போது யாராவது அசையாமல் நின்றால்தான் அப்படி வெள்ளை மிஞ்சும். நாகேந்திரன் நடந்துகொண்டே அடிப்பவர், ஷூ வேறு போட்டிருந்தார். 'வயசாகிறது, கண்ணாடி வாங்கு' என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டார்.

2.25. இரண்டாவது கோட். பழைய தடம் சிவந்து மறைந்தது. புதிய தடம் காரின் நடுவில் இருந்தது. விரல்கள் அவரைப் பார்த்து...

வெளியே ஓடப் பார்த்தார். ஆனால் பாதியில் விட்டால் வேலை பாழ்.

2.40. மூன்றாவது கோட். முடிக்கும்வரை குனியவே இல்லை. முடித்துவிட்டுக் குனிந்தார். தடம் அவர் ஷூவுக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. இந்த முறை விரல்கள் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

ஓடிப்போய்க் கதவைத் தள்ளினார். வரவில்லை. உள்ளே வரும் காற்றைவிட உறிஞ்சும் காற்று அதிகமானால் கதவு ஒட்டிக்கொள்ளும். அவருக்குத் தெரிந்த விஷயம்தான். தோளால் இடித்தார்.

டக்.

சூட்டு சுவிட்ச்.

மேலிருந்து அனல் இறங்கியது. கத்தினார், தட்டினார். இரைச்சலில் எதுவும் வெளியே போகவில்லை.

நாற்பது டிகிரி... ஐம்பது...

சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

2.58. கதவு திறந்தது.

"இன்னாண்ணா... உள்ளயா கீறீங்க?" கார்த்திகாவுக்கு நாக்குக் குழறியது. "இப்பத்தானே வெளிய வந்து தலையாட்டினீங்க! வெள்ள டிரஸ்ஸு, மாஸ்க்கு... நேரா கேட்டாண்ட போனீங்களே! வெறுங்கால்ல எங்க போறாருன்னு பாத்தேன்... நீங்க ஷூ போடறப்ப கழட்டின செருப்பு இங்கயே கெடக்குது... அதான் தொறந்தேன்."

திங்கட்கிழமை, அறையை வாங்கிக் கொடுத்த புரோக்கர் செல்வகுமாருக்கு நாகேந்திரன் போன் போட்டார். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்.

"ஒம்பது வருசம் முன்னாடி அய்யாசாமின்னு ஒரு பெயிண்டரு அதுக்குள்ளதான் செத்தாரு. ஷூவுல தூசு வரும்னு வெறுங்கால்லதான் அடிப்பாரு. அவரு வந்து தலையாட்டறதுக்கு முன்னாடியே ஹெல்ப்பர் தேவா சுவிட்சப் போட்டுட்டான். கோவில்பதாகைல இருந்தான் அவன்."

"இருந்தான்னா?"

"முந்தாநேத்து சனிக்கெழம சாயங்காலம் அஞ்சரைக்குச் செத்துப் பூட்டான். வூட்ல அவன் ரூமுக்குத் தாப்பா கூடப் போடல. நாலு பேரு தள்ளியும் கதவு வரலயாம். அப்பால தானாத் தொறந்துச்சு... உள்ள ஒரே அனலு."

செல்வகுமார் குரலைத் தாழ்த்தினான்.

"அவன் பொண்டாட்டி சொல்றதுதாண்ணா புரியல. கதவு ஒட்டிக்கறதுக்கு முன்னாடி அவன் ரூம்லேர்ந்து ஒருத்தர் வெளிய வந்தாராம். வெள்ள டிரஸ்ஸாம். அவளப் பாத்துத் தலைய ஆட்டிட்டுப் போனாராம்."