அண்ணி போட்ட நீலம்

பதுளைக்குப் பக்கத்து ஸ்பிரிங்வெளியில் மேட்டை வெட்டித்தான் எங்கள் வீட்டைக் கட்டினோம். பின்சுவரின் பாதி மண்ணோடு ஒட்டி நிற்கும். அதற்கு மேலே, அடுத்த தட்டில், என் கணவரின் அக்கா வீடு. நான் அவரை அண்ணி என்பேன்.

குடிபுகுந்த வருடமே எங்கள் படுக்கையறைப் பின்சுவரில் ஈரம் கட்டிவிட்டது. பெயின்ட் அப்பளம் போலப் பொரிந்து உதிர்ந்தது. அலமாரிக்குள் பூஞ்சணம். பதுளையில் ஒரு கலியாணத்துக்குப் பட்டுச்சேலை உடுத்திப் போயிருந்தேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டு, "யாரோ காளான் கொண்டாந்திருக்காங்க போல" என்றார். நானும் அவரோடு சேர்ந்து சுற்றுமுற்றும் தேடினேன்.

என் கணவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பெயின்ட். உதிர உதிரப் பூசினார். "மழ ஈரம்தான். வெயில் வந்தா காஞ்சிரும்" என்றார். ஆடிக் காற்றில் தேயிலைச் செடியே வாடிக் கிடந்தபோதும் சுவர் நனைந்துதான் இருந்தது. உடனே காரணத்தை மாற்றினார்.

"நாம விடுற மூச்சுதான். குளிர்ச் சுவர்ல ஆவி படியுது."

"அப்ப மூச்சு விடாம இருக்கட்டுமாங்க?"

ஆனாலும் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாமே என்று பட்டது. சுவரைத் துடைத்து, ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். அறைக்காற்றின் ஆவி என்றால் பொலித்தீனின் மேல்பக்கம் நனைய வேண்டும்; சுவருக்குள்ளிருந்து வருவது என்றால் அடிப்பக்கம். மறுநாள் அடிப்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. எங்கள் மூச்சின்மேல் குற்றமில்லை.

மழையுமில்லை, மூச்சுமில்லை என்றால் மிச்சம் இருப்பது மேல்வீடு. கணவரை அனுப்பிக் கேட்கச் சொன்னேன்.

"எங்க தண்ணியா? எங்க கழிவுத்தண்ணிக் கான் அந்தப் பக்கமால்ல போகுது!" என்றார் அண்ணி. "வீடு கட்டுன மேசன் பாஸ் ஒங்க சீமெந்த வித்துத் தின்னுருப்பான்." அக்கா அதட்டினால் தம்பிக்குப் பேச்சு வராது. திரும்பி வந்து பெயின்ட் வாளியைத் தேடினார்.

மேலிருந்து வரும் தண்ணீரில் நிறம் கலந்தால் தெரிந்துவிடும். ஆனால் சிவப்பைக் கலந்தால் செம்மண் தண்ணீர் என்று அண்ணி சாதிப்பார். எந்த மண்ணிலும் இல்லாத நிறம் வேண்டும். அவர் வீட்டுக்காரர் கோயில் கமிட்டியில் இருப்பவர். வெள்ளை வேட்டி தவிர வேறு கட்டமாட்டார். அண்ணி துணி துவைக்கிற கல் எங்கள் பின்சுவருக்கு நேர் மேலே. சொட்டு நீலம் ஒரு பெரிய போத்தல் வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

"அண்ணி, கோயில்ல அண்ணனப் பாத்தேன். வேட்டி லேசா மஞ்சளடிக்குது."

"மஞ்சளா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல, எனக்குத்தான் பட்டுச்சு. இந்தாங்க, இந்த நீலத்தக் கொஞ்சம் தாராளமா விட்டு அலசுங்க."

அந்த வேட்டி பாலைப் போல இருந்தது என்பது எனக்கும் தெரியும், முருகனுக்கும் தெரியும்.

அண்ணி ரோசக்காரர். அந்த வாரம் முழுவதும் மேலே துணி அடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு காலையில் எங்கள் சுவரின் அடியில், மூலையோரமாக, நீலம் கசிந்திருந்தது. துவைகல்லுக்கு நேர் கீழே அல்ல, அறையின் மறுகோடியில். சுவர் கட்டிய சீமெந்துக் கல்லின் உள்ளே பொந்துதானே. ஓரிடத்தில் நுழைகிற தண்ணீர் உள்ளுக்குள்ளேயே நடந்துபோய், தனக்குத் தோதான இடத்தில் வெளியே வருகிறது.

"சுவத்துக்கு யாரு நீலம் போட்டது?" என்றார் கணவர்.

"ஒங்க அக்கா."

கூப்பிட்டதும் அண்ணி இறங்கி வந்தார். ஈரத்தைத் தொட்டு முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கூரைத்தகட்டைப் பார்த்தேன்.

"ஏன்டி, வேட்டி நெசமாவே மஞ்சளாவா இருந்துச்சு?"

"இல்ல அண்ணி."

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவரோ கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "பாவி! அந்த மனுசன் வானத்தக் கட்டிக்கிட்டுப் போற மாதிரியில்ல கோயிலுக்குப் போயிக்கிட்டிருக்காரு!"

அடுத்த ஞாயிறு இரண்டு வீட்டாரும் சேர்ந்து சுவரோரம் மண்ணைத் தோண்டினோம். துவைகல்லிலிருந்து கானுக்குப் போகும் குழாய் மூட்டுக் கழன்று, எங்கள் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தது. அதை மாட்டினோம். சுவரின் வெளிப்பக்கம் தண்ணீர் புகாத கலவை பூசி, காய்ந்ததும் மேலே தார் தடவினோம். மழைத்தண்ணீரும் அங்கே தேங்காமல் ஓட, அடியில் துளைக்குழாய் வைத்துச் சல்லிக்கல் நிரப்பினோம். அறைக்குள் பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கல் உலரும்வரை சும்மா விட்டோம். அந்தச் சும்மா இருப்பதுதான் என் கணவருக்கு முடியவில்லை. பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு, பிரசவ வார்டுக்கு வெளியே நிற்பவரைப் போல நடந்தார்.

கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. சுவர் காய்ந்தே இருந்தது.

பிறகு ஒருநாள் பதுளை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அண்ணி. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், "தம்பி வீட்டுச் சுவர் ஒரே ஈரம். ஒருத்தருக்கும் காரணம் தெரியல. நாந்தான் நீலத்த ஊத்திக் கண்டுபுடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பொய் என்று சொல்ல முடியாது. ஊற்றியது அவர்தானே.