பனிக்குள் எரிந்த கலர் லைட்

மஸ்கெலியாப் பக்கம் ஒரு வளைவில், தொண்ணூறுகளில் பெய்த ஒரு பேய்மழைக்குப் பாதி ரோடு சரிந்து நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. மிச்சமிருந்த பாதியில் ஒரு வண்டிதான் போகலாம். அதனால் இரண்டு முனையிலும் கலர் லைட் நட்டார்கள். ஒரு பக்கம் போகும்போது மறுபக்கம் நிற்க வேண்டும். தற்காலிக ஏற்பாடு என்று போர்டு வைத்தார்கள். அரசாங்கத்துத் தற்காலிகம் எத்தனை வருஷம் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. போர்டு துருப்பிடித்து விழுந்தது, லைட் நின்றது.

கலர் லைட் பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக்குப் போக வேண்டும் என்றிருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு, அது வீடு தேடி வந்த மாதிரி ஆகிவிட்டது. அதைப் பராமரிக்கும் வீதி இலாகாவில் மின்சார வேலைக்கு நான் சேர்ந்தது அதைவிடப் பெரிய அதிசயம். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை ஒருவன் அரசாங்க ஏணியில் ஏறுகிறான் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வேலையில் என்னை முதலில் அசத்தியது ஒரு பழைய பழக்கம். பல்பு செத்த பிறகு மாற்றுவதில்லை. நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே, குறித்த மாதம் வந்தால் எல்லாப் பல்பையும் ஒன்றாகக் கழற்றிப் புதிது போடுவோம். உயிரோடு இருப்பதை எதற்குக் கழற்ற வேண்டும் என்று எனக்கு வயிறு எரியும். பிறகுதான் புரிந்தது. பனிமூட்டத்தில் ஒரு சிவப்புப் பல்பு அணைந்துபோனால், எதிரெதிரே இரண்டு பஸ் அந்த ஒற்றைப் பாதைக்குள் இறங்கிவிடும். அப்படி ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகவே எங்கோ ஒரு கந்தோர் மேசையில் உட்கார்ந்து யாரோ பல்பின் ஆயுளைக் கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். அந்த ரோட்டில் போனவர் ஒருவருக்கும் அது தெரியாது. எனக்கு அந்த ஆளைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

அந்த ரோட்டில் தினமும் போய்வந்தவர்களில் ஒருவர் என் அண்ணன். தோட்டத்துக் கொழுந்து லொறி அவர் கையில் இருந்தது. மடுவத்துக் கொட்டகையில் எடை போட்ட தேயிலைக் கொழுந்தை ஏற்றிக்கொண்டு பேக்டரிக்குப் போவார்.

அதற்கு முன்னால் அவர் பேக்டரிக்குள்ளேயே வேலை செய்தவர். அரைத்த கொழுந்தைப் பரப்பிப் புளிக்க வைக்கும் இடத்தில் அவரைப் போட்டார்கள். பச்சையாக இருக்கும் இலை கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பு நிறத்துக்கு மாறும். சரியான நிறம் வந்ததும் அள்ளி அடுப்புக்கு அனுப்ப வேண்டும். அண்ணன் நிறம் வந்ததும் சொல்லுவார் என்று எல்லாரும் காத்திருக்க, அவர் இன்னும் வரவில்லை என்று நின்றுகொண்டே இருந்தார். ஒரு நாள் கொழுந்து முழுக்கப் பாழ். பேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் தலைகால் தெரியாமல் குதித்தார். தூங்கிவிட்டான் என்று முடிவு கட்டி வெளியே அனுப்பினார்கள். அண்ணன் தூங்கவில்லை. பச்சையும் சிவப்பும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். அது எனக்கு மட்டும் தெரியும்.

கலர் லைட்டை அவர் நிறத்தால் அல்ல, விளக்கு எரியும் இடத்தால்தான் அடையாளம் வைத்திருந்தார். மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. வெயில் நாளில் பிசகில்லை. பனி இறங்கினால்தான் பாடு. பெட்டியும் கம்பமும் மறைந்து, வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்தது போல ஒரு வெளிச்சம் மட்டும் மிதக்கும். மேலா கீழா, ஒன்றும் தெரியாது. அப்போது அண்ணன் லொறியை ஓரங்கட்டி, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்டுவார். "நீங்க போங்க, நீங்க போங்க." யாராவது போனால் அவர்கள் வாலைப் பிடித்துக்கொண்டே போவார். அந்த லைனிலேயே மரியாதை தெரிந்த டிரைவர் என்று அவருக்குப் பெயர் வேறு. கேட்டு நானே சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் சாயந்தரம் சிரிப்பெல்லாம் போய்விட்டது. நல்ல பனி, முன்னால் போக ஒரு வண்டியும் இல்லை. சாக்குகளில் கொழுந்து சூடேறிக் கெடத் தொடங்கியிருந்தது. அண்ணன் ஒரு குருட்டு நம்பிக்கையில் இறங்கிவிட்டார். பாதிவழியில் எதிரே பஸ் வெளிச்சம். இரண்டு பேரும் பிரேக்கில் ஏறி நின்றதால் பிழைத்தார்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தண்ணீர், அதற்கு நடுவே லொறியைப் பின்னாலேயே எடுத்து வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னார்.

"லொறிய விட்டுருங்கண்ணே" என்றேன்.

"விட்டுட்டு? மூணு புள்ளைகளையும் எங்க கொண்டுபோய் நிறுத்துவேன்? வெளிய சொல்லிராத தம்பி."

அதற்குப் பிறகு பனி விழுந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு வேலை தேடித் தருகிறேன் என்று அலைந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, பல்புகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போடச் சொல்லி உத்தரவு வந்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது தட்டு நிறைய சின்னச் சின்ன விளக்கு மணிகள். எங்களுடைய தொழில்நுட்ப அதிகாரி, டீ.ஓ., யாழ்ப்பாணத்துக்காரர், சாந்தமானவர். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, "ஒண்டு ரெண்டு செத்தாலும் மிச்சம் எரியும். பயப்பிடாதேயும்" என்றார். பழைய பல்பு கையைப் பொசுக்கும். இதைத் தொட்டால் குளிர்ந்து கிடந்தது. ஒரு வெளிச்சம் சூடே இல்லாமல் எரிவதை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை. புது விளக்கு இழுக்கும் மின்சாரம் அவ்வளவு குறைவு. பல்பு செத்துவிட்டது என்று பழைய கட்டுப்பாட்டுப் பெட்டி நினைத்துக்கொண்டு மஞ்சளை மட்டும் சிமிட்டியது. டீ.ஓ. உள்ளே கூடுதலாக மின்சாரம் இழுக்கும் ஒரு உருப்படியைச் சேர்த்து அதைச் சமாதானப்படுத்தும் வரை நாங்கள் இரண்டு முனையிலும் கொடி பிடித்து வண்டிகளை விட்டோம்.

பிறகு பச்சை எரிந்தது. ஏணியின் மேலிருந்து பார்த்தேன். பழைய பச்சை இல்லை.

"சேர், இதுல கொஞ்சம் நீலம் கலந்த மாதிரி இருக்குங்களே?"

"வேணுமெண்டுதான் அப்பிடிச் செய்யிறவை. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாத ஆக்களும் இருக்கினம்தானே. அவைக்கும் விளங்கோணும்."

அந்தப் பச்சையை மறுபடி ஒரு தரம் பார்த்தேன். அப்படி ஒரு கண் உலகத்திலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். பெயர் தெரியாத ஏதோ ஒரு நாட்டில், முகம் தெரியாத யாரோ ஒருவர் உட்கார்ந்து என் அண்ணனை யோசித்திருக்கிறார். வெளிச்சத்தில் அவருக்காக ஒரு துளி நீலம் விட்டிருக்கிறார். டீ.ஓ. பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கி வளைவை மூடியது. நாங்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். கொழுந்து லொறியின் சத்தம் கேட்டது. கையிலிருந்ததைக் கீழே வைத்தேன். அண்ணனிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

லொறி வழக்கம்போலத் தூரத்திலேயே நின்றது. முன்னால் வண்டி கிடையாது, பின்னாலும் கிடையாது. லைட் சிவப்பில் இருந்தது. பச்சைக்கு மாறியது. லொறி அசையவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பேக்டரியில் கொழுந்துக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள் என்பதையே மறந்துவிட்டு அவர் நின்றார். பிறகு கதவு திறந்தது. அண்ணன் இறங்கி, அந்த வெளிச்சத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் என்னிடம் நடந்து வந்தார்.

"தம்பி, ரெண்டும் வேற வேறயா இருக்கு."

"ஆமாண்ணே. புதுசு போட்டிருக்கோம்."

"அங்கேருந்தே தெரியுது. பெட்டியே தெரியல, லைட்டு தெரியுது. ஒண்ணு ஒரு மாதிரி, ஒண்ணு வேற மாதிரி." லைட் மறுபடி மாறும் வரை பார்த்தார். "ஒங்களுக்கெல்லாம் எப்பவும் இப்படித்தான் தெரிஞ்சுச்சா?"

"ஆமாண்ணே."

அவர் திரும்பி அந்த ஒற்றைப் பாதையையும் கீழே தண்ணீர் இருக்கும் பக்கத்தையும் பார்த்தார்.

"அப்போ இத்தன வருசமா நீங்கள்லாம் பயமில்லாமத்தான் இந்த ரோட்டுல வந்து போனீங்களா?"