றாபியாவும் வெட்டுப்புள்ளியும்

மாத்தளைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் விற்ற முத்தலிப்பின் மூத்த மகள் றாபியாவுக்கு டாக்டராக வேண்டுமென்று ஆசை. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் தமிழில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை. அதனால் ரயிலேறிக் கண்டிக்குப் போய்ப் படித்தாள். "பொம்புளப் புள்ளய ரயில்ல அனுப்புறியே" என்ற சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லியே வாப்பா அலுத்துப்போனார்.

எழுபதாம் ஆண்டு உயர்தரப் பரீட்சையை நன்றாகவே எழுதினாள். பக்கத்து வீட்டுச் சீலாவதி சிங்களத்தில் எழுதினாள். பெறுபேறு வந்தபோது றாபியாவுக்குத்தான் புள்ளி அதிகம். மருத்துவத்துக்கு எடுபட்டவள் சீலாவதி. தமிழில் எழுதியவர்களுக்கு, இடம் கிடைக்க எடுக்கவேண்டிய வெட்டுப்புள்ளியை உயர்த்தி வைத்திருந்தார்கள். பால்சோற்றுத் தட்டோடு வந்த சீலாவதி வாசலிலேயே அழுதுவிட்டாள்.

"நீ ஏண்டி அழுற? நீயா வெட்டுப்புள்ளி போட்ட?" என்று அதட்டித் தட்டை வாங்கிக்கொண்டாள் றாபியா.

அடுத்த முறை, மொழிவாரியாகப் புள்ளிகளைச் சமப்படுத்தும் தரப்படுத்தல் என்றார்கள். அவள் எடுத்த புள்ளி ஒன்று, கணக்குப் போட்டு முடித்தபின் அவளுக்கென்று மிஞ்சிய புள்ளி வேறொன்று. எப்படிக் குறைந்ததென்று ஆசிரியர்களுக்கே விளங்கவில்லை.

மூன்றாம் முறை, மாவட்டத்துக்கு இத்தனை இடமென்று ஒதுக்கும் மாவட்டக் கோட்டா வந்தது. "மாத்தளைக்கு இது நல்லதும்மா" என்று வாப்பா சந்தோஷப்பட்டார். அப்போதும் இடம் கிடைக்கவில்லை. வாப்பாவும் மகளும் கொழும்புக்குப் போய்ப் பல்கலைக்கழக அனுமதி அலுவலகத்தில் விசாரித்தார்கள்.

"நீங்க படிச்சது கண்டியில. கண்டிக் கணக்குலதான் சேரும்" என்றார் கிளாக்கர்.

"மாத்தளையில எனக்கு வகுப்பில்லாமத்தானே சேர் கண்டிக்குப் போனேன்?"

"அது எங்க வேலை இல்ல."

"அப்போ மாத்தளைக்கு ஒதுக்கின எடம் யாருக்கு?"

கிளாக்கர் அவளுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

ரயிலில் வாப்பா மெதுவாக, "இன்னொருக்கா எழுதிப் பாரேன்" என்றார்.

"எழுதலாம் வாப்பா. அதுக்குள்ள இன்னொரு சட்டம் கொண்டுவருவாங்க. எனக்கு ஏலாது."

சொன்னபடியே அதன்பிறகு எழுதவில்லை. இரத்தோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியையானாள். தண்ணீர்க் குழாய்கூட இல்லாத அறையில், வாளியில் தண்ணீர் கொண்டுவரச் செய்து இரசாயனம் கற்பித்தாள். மருத்துவத்துக்கு எத்தனை புள்ளி வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் மட்டும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வரும்.

"எனக்கென்ன தெரியும்? பெறுபேறு வர்ற வரைக்கும் அவங்களுக்கே தெரியாது. புத்தகத்த எடுங்க!"